ஸ்ரீ யோகன்னான் விட்டுச் சென்ற கணக்கு

இறந்தவரைப் பற்றிக் குறை பேசலாகாது என்பது நம் நாட்டு மரியாதை. துக்க வீட்டில் அது காக்கப்பட வேண்டிய மரியாதைதான். ஆனால் ஊரார் கொடுத்த பணத்தை ஆயுள் முழுவதும் நிர்வகித்த ஒருவர் மறைந்தபின் அவருடைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது குறை பேசுவதாகாது. அது ஊராரின் கடமை.

ஸ்ரீ கே.பி. யோகன்னான் 2024-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி அமெரிக்காவில் டல்லஸ் நகரில் காலமானார். முந்தின நாள் காலையில் உலாவச் சென்றபோது மோட்டார் கார் மோதியதால் நேர்ந்த மரணம் அது. கேரளத்தில் திருவல்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட பிலீவர்ஸ் சர்ச் என்னும் திருச்சபையின் ஸ்தாபகர் அவர். ரேடியோப் பிரசங்கத்தால் பல ராஜ்யங்களில் அறியப்பட்டவர். ஒரு சாரார் அவரை ஏழைகளின் ரட்சகர் என்கின்றனர். மற்றொரு சாரார் அந்நியப் பணத்தைக் கொண்டு மதமாற்ற வியாபாரம் நடத்தியவர் என்கின்றனர். இவ்விரண்டு கூச்சல்களுக்கு மத்தியில், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது. வந்த பணம் எவ்வளவு, அது சென்ற இடம் எது, அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதே அக்கேள்வி.

ஒதியம்பட்டுக்கு என்ன சம்பந்தம்?

திருவல்லாவில் ஒரு மெத்ராப்போலித்தா மறைந்தால் வில்லியனூர்க் கொம்யூனில் ஒதியம்பட்டுக் குடியானவனுக்கு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. மதமும் பொதுப்பணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதை வில்லியனூர்ப் பக்கத்தாருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கே திருக்காமீசுவரர் தேர் ஓடுகிறது; அதன் வடத்தைக் கவர்னரே வந்து பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். சற்றுத் தொலைவில் 1877-ம் வருஷத்தில் எழுந்த லூர்து மாதா கோயில் இருக்கிறது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். எந்தச் சந்நிதியிலும் காணிக்கை விழுகிறது. விழுந்தபின் அது எங்கே போகிறதென்று கேட்பவர்கள்தான் குறைவு.

ஒதியம்பட்டுக் குடியானவன் அறுப்புக்குப் பின் கோயிலுக்கு அளக்கும் ஒரு மரக்கால் நெல்லும், அமெரிக்காவில் ஒரு கிழவி தன் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் அனுப்பும் 30 டாலரும் தர்ம சாஸ்திரத்தின் முன் ஒரே ஜாதி. இரண்டும் தருமப் பணம். கொடுத்தவனுக்கும் பெறவேண்டியவனுக்கும் நடுவே நிற்பவர் தருமகர்த்தா. அவர் காவி உடுத்தினாலும், வெள்ளை அங்கி தரித்தாலும், தலையில் குல்லாய் வைத்தாலும் அவருடைய கடமை மாறாது. ஆகவே ஸ்ரீ யோகன்னானின் கதை கிறிஸ்தவர்களின் கதையென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

குரல் வளர்ந்த விதம்

ஸ்ரீ யோகன்னான் 1950-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திருவல்லாவுக்கடுத்த நிரணத்தில் ஒரு சாதாரண சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பதினாறாம் வயதிலேயே ஆபரேஷன் மொபிலைஸேஷன் என்னும் பிரசாரக் கூட்டத்தாருடன் சேர்ந்து வட இந்தியா நோக்கிப் புறப்பட்டார். 1974-ல் அமெரிக்கா சென்று டல்லஸில் வேதபாடசாலையில் பயின்றார். 1979-ல், ஆசியாவுக்கு நற்செய்தி என்று பொருள்படும் காஸ்பெல் பார் ஏஷியா என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்.

அவர் அமெரிக்கர்களிடம் சொன்ன விஷயத்தில் நம்மவர்களுக்கும் பிடித்த ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைப் பாதிரியாரைக் கப்பலேற்றி அனுப்புவதை நிறுத்துங்கள். அவர் ஒருவருக்கு ஆகும் செலவில் பாஷையும் பழக்கமும் தெரிந்த சுதேசி உபதேசியார் பலர் வேலை செய்யலாம். ஆளை அனுப்பாமல் பணத்தை அனுப்புங்கள் என்றார் அவர். 1986-ல் வெளியான அவருடைய புஸ்தகத்தின் சாரமும் அதுவே. சுதேசியத்தின் பாஷையைக் கிறிஸ்தவப் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்ட சாமர்த்தியம் அதில் இருந்தது. ஆனால் இந்தச் சுதேசியத்துக்கு ஒரு விநோதமுண்டு. வேலை செய்பவன் சுதேசி, படியளப்பவன் பரதேசி. படியளப்பவன் கடலுக்கப்பால் இருக்கும்போது, நடுவில் நிற்பவர் சொல்வதே இரு கரைக்கும் வேதவாக்காகிவிடும்.

ரேடியோ அவருக்குக் கிடைத்த பெரிய கருவி. ஆத்மீய யாத்ரா என்ற பெயரில் மலையாளத்தில் ஆரம்பமான அவருடைய ஒலிபரப்பு, நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகளில் ஆசியாவெங்கும் கேட்டதாக அவருடைய ஸ்தாபனத்தார் கூறினர். எழுத்து அறியாதவனுக்கும் ரேடியோ எட்டும்; சாலை போகாத மலைக்கிராமத்துக்கும் குரல் போகும். இந்தக் கருவியின் வன்மை தமிழர்களுக்குப் புதிதன்று. 2008-ம் வருஷத்தில் காலமான டி.ஜி.எஸ். தினகரன் அவர்களின் குரல் எத்தனை தமிழ் வீடுகளில் எத்தனை துயரங்களுக்கு நடுவே கேட்டதென்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் ரேடியோக் குரலுக்கு ஒரு குணமுண்டு. அது பேசும், கேள்வி கேட்டால் அதற்குக் காது இல்லை. பிரசங்க மேடையிலாவது எதிரே உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்று கேட்கலாம். ரேடியோப் பெட்டியிடம் எவன் கேட்பான்?

குரலால் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்துக்குச் சபை வேண்டியிருந்தது. 1993-ல் பிலீவர்ஸ் சர்ச் தோன்றியது. 2003-ம் வருஷம் பெப்ரவரியில் ஸ்ரீ யோகன்னான் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர் ஸ்ரீ கே.ஜே. சாமுவேல் அதில் கலந்துகொண்டது பெருத்த விவாதத்துக்கிடமாயிற்று. 2017-க்குப் பின் சபையின் பெயர் பிலீவர்ஸ் ஈஸ்டர்ன் சர்ச் என்றாயிற்று; ஸ்தாபகரும் அத்தனேசியஸ் யோகான் என்ற மெத்ராப்போலித்தாப் பெயர் பூண்டார். மேல்நாட்டுப் பாணியில் தெருப் பிரசங்கியாகத் தொடங்கியவர் கீழைத் திருச்சபையின் அங்கியில் முடிந்தார். அங்கி மாறியதைப் பற்றி நமக்கு விவகாரமில்லை. குரல், மகுடம், பணப்பெட்டி ஆகிய மூன்றின் திறவுகோல்களும் ஒரே இடுப்பில் தொங்கின என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

மறுக்கக்கூடாத நன்மை

அவர் செய்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. திருவல்லாவில் பெரிய ஆஸ்பத்திரி நிற்கிறது. 2016 முதல் அதனுடன் வைத்தியக் கல்லூரியும் நடக்கிறது. பல ராஜ்யங்களில் கிணறுகள் தோண்டப்பட்டன. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின் பாடமும் சோறும் கிடைத்தன. குஷ்டரோகிகளுக்கு ஊழியம் நடந்தது. உயர்ஜாதிக்காரன் தெருவில் தண்ணீர் எடுக்க முடியாத ஒருவனுக்குத் தன் தெருவிலேயே கிணறு கிடைத்தால், அதைத் தோண்டியவன் எந்த ஜபம் சொன்னான் என்று அவன் விசாரிக்க மாட்டான். அந்தக் கிணற்றை நாம் ஏன் முன்னமே தோண்டவில்லை என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாதவரை, அவனைக் குறைகூற நமக்கு வாயுமில்லை.

எனினும் நன்மை கணக்குக்குப் பதிலாகாது. நூறு கிணற்றுக்குப் பணம் வாங்கி அறுபது கிணறு தோண்டியவனிடம் அறுபதுக்கு நன்றி சொல்லலாம்; மீதி நாற்பதைக் கேட்பதும் வேண்டும். உதாரணத்துக்குச் சொன்ன எண்கள் இவை. உண்மையான எண்கள் எப்படி வெளிவந்தன என்பதே இந்த விவகாரத்தில் நமக்கு மிகவும் முக்கியமான பாகம்.

டில்லி ஏட்டில் கிடைத்த சாட்சியம்

காஸ்பெல் பார் ஏஷியா அமெரிக்கக் கொடையாளர்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது. ஊழியக் களத்துக்கென்று தரும பணம் நூற்றுக்கு நூறும் களத்துக்கே போகும் என்பது அது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு பட்டியல் அச்சிட்டு அனுப்புவார்கள். ஒரு ஜோடிக் கோழி, ஓர் ஆடு, ஓர் எருமை, ஒரு கிணறு என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருக்கும். கொடையாளன் எதை விரும்புகிறானோ அதற்குப் பணம் கட்டுவான்.

2014-ல் முன்னாள் ஊழியர்கள் சிலர் ஸ்தாபன நிர்வாகத்தைக் குறித்துத் தங்கள் முறையீட்டை எழுத்தில் வைத்தனர். அடுத்தபடியாகக் கணக்கைப் பற்றிய கேள்வி எழுந்தது. அமெரிக்கச் சட்டப்படி தேவாலயங்கள் வருஷாந்தரக் கணக்கைச் சர்க்காருக்குத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவையல்ல. அந்தக் கதவு அடைத்திருந்தது. திறந்திருந்த கதவு இந்தியாவில் இருந்தது. அந்நிய நன்கொடைச் சட்டப்படி இந்நாட்டு ஸ்தாபனங்கள் வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வந்தது, எந்தக் காரியத்துக்குச் செலவாயிற்று என்று வருஷந்தோறும் டில்லி உள்துறை இலாகாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குகளை இலாகா யாவரும் பார்க்கும்படி வெளியிட்டு வந்தது. பென்ஸில்வேனியாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியரான வாரன் த்ராக்மார்ட்டன் முதலானோர் அவற்றை எடுத்து, அமெரிக்காவில் சொல்லப்பட்டதோடு ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்துவரவில்லை என்று கண்டனர்.

நேயர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கணக்கு வழக்கில் உலகத்துக்கே புத்தி சொல்லும் அமெரிக்காவின் பிரஜைகள், தாங்கள் கொடுத்த பணம் என்னவாயிற்று என்பதைத் தங்கள் நாட்டில் அறிய வழியில்லாமல், இந்தியச் சர்க்காரின் ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டனர். வறுமைக்குப் பெயர்போன தேசமென்று பட்டியலில் படம் போடப்பட்ட அதே தேசத்தின் சட்டம் கொடையாளர்களின் கண்ணைத் திறந்தது. இதில் நாம் நியாயமாகவே பெருமைப்படலாம்.

விளைவுகள் விரைவில் வந்தன. சுவிசேஷ ஸ்தாபனங்களின் கணக்கு ஒழுக்கத்தைக் கவனிக்க அமெரிக்காவில் ஏற்பட்டுள்ள கழகம், நெடுங்காலம் தன் அங்கத்தினராயிருந்த காஸ்பெல் பார் ஏஷியாவை 2015-ம் வருஷம் அக்டோபரில் நீக்கிவிட்டது. பெரும்பணம் செலவிடப்படாமல் கிடந்தது ஓர் ஆட்சேபம். யாத்திரிகர் கையில் ரொக்கம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பிய வழக்கம் மற்றோர் ஆட்சேபம். டெக்ஸாஸில் எழுந்த தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு இந்தியாவிலிருந்தே சுமார் 2 கோடி டாலர் திரும்பிச் சென்றது மூன்றாவது. ஏழை இந்தியாவுக்கென்று கடல் கடந்த பணம் பணக்கார டெக்ஸாஸில் கட்டடம் எழுப்பத் திரும்பிய இந்த விசித்திரத்துக்கு நாம் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

2016-ல் ஆர்க்கன்ஸாஸ் பெடரல் நியாயஸ்தலத்தில் கொடையாளர்கள் அனைவர் சார்பிலும் வழக்குப் போடப்பட்டது. கணக்குகளை ஆஜர்ப்படுத்தும் விஷயத்தில் பிரதிவாதிகள் நியாயாதிபதியின் கண்டனத்துக்கு ஆளாயினர். 2019-ல் 3 கோடியே 70 லட்சம் டாலர் கொடுப்பதென்று ராஜியாயிற்று. குற்றம் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்பதையும், களத்துக்கென்று பெற்ற நன்கொடைகள் யாவும் முடிவில் களத்துக்கே அனுப்பப்பட்டன என்று இரு தரப்பாரும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது தர்மமல்ல. ஸ்ரீ யோகன்னானை எந்த நியாயஸ்தலமும் இவ்வழக்கில் மோசக்காரர் என்று தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பணம் களத்துக்கு அனுப்பப்பட்டது என்பது ஒன்று. கொடுத்தவன் சொன்ன காரியத்துக்குச் செலவாயிற்று என்பது வேறொன்று. எருமைக்கென்று கொடுத்த பணம் எருமை வாங்கிற்றா என்பதே கேள்வி. ராஜி வழக்கை முடிக்கும்; அந்தக் கேள்விக்கு விடை தராது.

சர்க்கார் செய்ததும் செய்யாததும்

இனி நம் சர்க்காரின் பக்கம் பார்ப்போம். 2017-ம் வருஷம் செப்டம்பரில் பிலீவர்ஸ் சர்ச்சுக்கும் அதனோடு சேர்ந்த மூன்று ஸ்தாபனங்களுக்கும் அந்நியப் பணம் பெறும் பதிவு ரத்தாயிற்று. 2020-ம் வருஷம் நவம்பரில் வருமான வரி அதிகாரிகள் பல ராஜ்யங்களில் 66 இடங்களில் சோதனை போட்டனர். சுமார் 30 டிரஸ்டுகளைப் பற்றியும், கணக்கில் வராத சுமார் 6 கோடி ரூபாய் ரொக்கத்தைப் பற்றியும் சர்க்கார் அறிக்கை கூறிற்று. எருமேலிக்கருகே செறுவள்ளி எஸ்டேட்டு விவகாரமும் உண்டு. 2005-ல் ஹாரிஸன்ஸ் மலையாளம் கம்பெனியிடமிருந்து சபை வாங்கிய 2,263 ஏக்கர் ரப்பர் தோட்டம் அது. அந்தக் கம்பெனிக்கே நிலத்தில் பாத்தியம் இல்லை என்பது கேரள சர்க்காரின் கட்சி. 2018-ல் ஹைக்கோர்ட்டு, பாத்தியத்தைத் தீர்மானிக்க வேண்டிய இடம் ஸிவில் நியாயஸ்தலமே என்று அதிகாரியின் உத்தரவைத் தள்ளிவிட்டது. பின்னர் சபரிமலை விமான நிலையத்துக்கு அதே நிலம் குறிக்கப்பட்டது.

இவையெல்லாம் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தன. ஆனால் சோதனை தீர்ப்பாகாது, ரத்து விளக்கமாகாது. பதிவை ரத்து செய்தால் நாளை வரப்போகும் பணம் நிற்கும். நேற்று வந்த பணம் என்னவாயிற்றென்பது அதனால் விளங்கிவிடாது. ரத்தான ஸ்தாபனத்தின் கையிலுள்ள அந்நியப் பணமும் அதனால் உண்டான ஆஸ்தியும் சர்க்கார் குறிப்பிடும் அதிகாரியிடம் சேர வேண்டுமென்று 2010-ம் வருஷத்துச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. எந்த ஸ்தாபனத்தின் எந்த ஆஸ்தி அப்படிச் சேர்ந்தது, அதனால் நடந்துவந்த பள்ளியும் வைத்தியசாலையும் என்ன ஆயின என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட வேண்டாமா?

இதைவிட வருத்தத்துக்குரியது ஒன்று உண்டு. 2022-ம் வருஷம் ஜூலையில் உள்துறை இலாகா தன் வெளியீட்டிலிருந்து ஸ்தாபனங்களின் வருஷாந்தரக் கணக்குகளையும், பதிவு ரத்தானவற்றின் ஜாபிதாவையும் எடுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கொரு முறை வரவுகளை வெளியிட வேண்டுமென்ற விதியும் அப்போதே நீக்கப்பட்டது. எந்த ஏட்டைப் பார்த்து உலகம் ஸ்ரீ யோகன்னானின் கணக்கில் சந்தேகம் கொண்டதோ, அந்த ஏட்டை மூடியது சர்க்காரே. திருடனைக் காட்டிக்கொடுத்த விளக்கை ஊதி அணைத்துவிட்டு, காவலைப் பலப்படுத்திவிட்டோம் என்று சொல்வது போலிருக்கிறது இது. அதிகாரி ஒருவர் மட்டும் கணக்கைப் பார்த்தால், அவர் விரும்பினால் பார்ப்பார், விரும்பாவிட்டால் மூடுவார். வேண்டாதவன் மேல் பாய்வார், வேண்டியவனை விடுவார். ஜனங்கள் பார்க்கும் கணக்கிலே அந்தப் பாரபட்சம் நடவாது.

மதம் வேறு, ஆஸ்தி வேறு

சபையின் ஆதரவாளர்கள் சொல்வது, கணக்குக் கேட்பது மத சுதந்திரத்தில் கைவைப்பதென்பது. எதிர்ப்பாளர்கள் சொல்வது, இந்தப் பிரசாரம் முழுவதையும் தடை செய்துவிட்டால் கணக்கே வேண்டாமென்பது. இரண்டும் தவறு.

இந்த விஷயத்தில் நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1954-ம் வருஷத்தில் சீரூர் மடத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பூஜையும் நம்பிக்கையும் மதத்தாரின் சொந்த விஷயம், ஆஸ்தி நிர்வாகம் சட்டத்துக்கு உட்படக் கூடியது என்று பிரித்துக் காட்டியது. அந்த வழக்கு எழுந்ததே நம் சென்னை ராஜதானியின் இந்து மத தர்ம ஸ்தாபனச் சட்டத்தைப் பற்றி. 1977-ல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில், தன் மதத்தைப் பிரசாரம் செய்யும் உரிமை உண்டு, பிறனை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று இல்லை என்று அதே கோர்ட்டு கூறிற்று. ஆகவே ஸ்ரீ யோகன்னான் ரேடியோவில் கிறிஸ்துவைப் பற்றிப் பேசியது அவருடைய உரிமை. அவர் பேச்சைக் கேட்டு அனுப்பப்பட்ட பணத்தின் கணக்கு அவருடைய உரிமையல்ல, அவருடைய கடன். முதலாவதைத் தடுப்பவனும் இரண்டாவதை மறுப்பவனும் சமமாகவே சட்டத்தை மீறுகிறார்கள்.

சர்க்கார் அளவு கடந்து கைவைத்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணமுண்டு. 1934-ல் ரேடியோப் பிரசங்கம் ஆரம்பித்து, உலகளாவிய தேவசபை என்ற பெயரில் தனிச் சபை நிறுவியவர் ஹெர்பர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். 1979-ல் பண விரயக் குற்றச்சாட்டின் பேரில் கலிபோர்னியா சர்க்கார் அச்சபையின் நிர்வாகத்தை ரிஸீவர் ஒருவர் கையில் ஒப்புவித்தது. எல்லாச் சபைகளும் மத சுதந்திரம் போயிற்றென்று எழுந்தன. மறுவருஷமே சட்டசபை சர்க்காரின் அதிகாரத்தைக் குறைத்துச் சட்டம் செய்தது, வழக்கும் கைவிடப்பட்டது. கணக்குக் கேட்கப் போனவர்கள் கோயிலையே கைப்பற்றப் பார்த்ததால், கணக்கும் கிடைக்காமல் போயிற்று. 1986-ல் ஆர்ம்ஸ்ட்ராங் இறந்தபின் அவருடைய வாரிசுகளே அவர் உபதேசங்களைத் திருத்த, சபை பல துண்டுகளாகப் பிளந்தது. ஒரே மனிதரின் குரலை அஸ்திவாரமாகக் கொண்ட கட்டடத்துக்கு வரும் கதி அது.

கேரளத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். திருச்சபைகளின் ஆஸ்திக்குப் பொதுச் சட்டம் வேண்டுமென்று 2009-ல் ஜஸ்டிஸ் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலிருந்த சட்டச் சீர்திருத்தக் கமிஷன் மசோதா தயாரித்தது. 2019-ல் ஜஸ்டிஸ் கே.டி. தாமஸ் கமிஷன் மற்றொன்று தயாரித்தது. ஆயர்கள் எதிர்த்தனர்; சர்க்கார் பின்வாங்கியது. இரண்டு மசோதாக்களிலும் தலைமை வகித்தவர்கள் கிறிஸ்தவ விரோதிகளல்லர். சபை மக்களுக்கே கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

நம் வீட்டுக் கூரை

பிறர் கணக்கைக் கேட்பவன் தன் வீட்டுக் கூரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் 1972-ம் வருஷத்து இந்து மத ஸ்தாபனச் சட்டம் இருக்கிறது. இருந்தும், பாரதி வீதி காமாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலம் போலிப் பத்திரங்களால் கைமாறிய விவகாரம் நியாயஸ்தலம் வரை சென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டம் அலமாரியில் இருப்பது போதாது. ஊரார் கண் கணக்கின்மேல் இருக்க வேண்டும். கோயில் நிலத்தை விழுங்குகிறவனைக் கண்டும் காணாமலிருந்துவிட்டு, பாதிரியாரின் கணக்கைக் கேட்டால் அது மதத் துவேஷம் என்றே உலகம் சொல்லும். அப்படிச் சொல்வது பொய்யுமாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் ஏழையின் படம் அந்நிய நாட்டுப் பட்டியலில் கோழிக்கும் எருமைக்கும் அருகில் அச்சாவதைக் கண்டு நமக்கு ரோஷம் வருகிறது. வரட்டும். ஆனால் அந்தப் படம் பொய்யல்ல. அந்த ஏழையைக் கேட்காமல் அவன் பெயரால் பணம் வாங்கியதும், வாங்கியதை அவனுக்குச் சொல்லாததுமே அவனுக்கு நேர்ந்த அவமானம். தன் பெயரால் எவ்வளவு வந்ததென்று அறியாதவன் யாசகன். அறிந்து கேட்பவன் உரிமையாளன். முதலாமவனை இரண்டாமவனாக்குவதே தேசத்தின் காரியம்.

செய்ய வேண்டியவை

நாம் கோருவது மிகவும் எளியது. உள்துறை இலாகா 2022-ல் எடுத்துவிட்ட கணக்குகளை முழுவதும் மறுபடி வெளியிட வேண்டும். அவை அந்தந்த ராஜ்யத்தின் பாஷையிலும் இருக்க வேண்டும். எந்தப் பதிவை ரத்து செய்தாலும் காரணத்தையும், ஆஸ்தி சென்ற இடத்தையும் எழுத்தில் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். கோயில், மடம், மசூதி, திருச்சபை என்ற வித்தியாசமின்றிப் பொதுஜனப் பணம் பெறும் ஒவ்வொரு தர்மமும் ஒரே மாதிரியான வருஷாந்தரக் கணக்கை வெளியிடச் சட்டம் வேண்டும். உபதேசம் செய்பவரும், அவருடைய குடும்பத்தாருமே பெட்டிச் சாவியையும் வைத்திருப்பது நிற்க வேண்டும். நிர்வாகக் குழுவில் கொடுப்போர் தரப்பிலும் பெறுவோர் தரப்பிலும் ஆட்கள் இருக்க வேண்டும்.

ஜனங்களின் பொறுப்பும் உண்டு. வில்லியனூரிலும் பாகூரிலும் நம் தேசபக்தர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு காரியம் செய்யலாம். தங்கள் ஊர்க் கோயிலோ, சபையோ, மசூதியோ வருஷத்துக்கு ஒரு முறை தன் வரவுசெலவைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டும்படி கேட்கலாம். கேட்பவன் அந்த மதத்தைச் சேர்ந்தவனாயிருப்பது நல்லது. இந்து கோயிலில் கேட்கட்டும், கிறிஸ்தவன் சபையில் கேட்கட்டும், முஸ்லிம் பள்ளிவாசலில் கேட்கட்டும். அப்போது அது துவேஷமாகாது, பக்தியே ஆகும்.

ஸ்ரீ யோகன்னானின் சபைக்கு இப்போது புதிய தலைவர்கள் ஏற்பட்டிருக்கிறார்கள். ஸ்தாபகரின் குரல் அவர்களிடம் இல்லை. அது ஒரு விதத்தில் அவர்களுக்கு நல்வாய்ப்பு. அந்தக் குரலின் பெயரால் மறைந்து கிடந்தவற்றை அவர்கள் தாங்களாகவே வெளியே வைக்கலாம். 1979 முதல் வந்த பணம், வாங்கிய நிலம், தோண்டிய கிணறு, நடந்த பள்ளி ஆகியவற்றைத் திருவல்லாவிலேயே மலையாளத்தில் அச்சிட்டு வெளியிடட்டும். ஆஸ்பத்திரிச் சுவர்களைக் காட்டிலும் அந்த ஒரு புஸ்தகம் அவர் பெயரை நெடுநாள் காப்பாற்றும். அவர்கள் அதைச் செய்யாவிட்டால், அவருடைய விரோதிகள் சொல்வதே சரித்திரமாக நின்றுவிடும். அந்தச் சரித்திரத்தைக் குறைகூற அப்போது ஒருவருக்கும் உரிமை இராது.